கரையைப் பார்க்காத படகு

பிரட்டுக் களத்தில் பஸ் வந்து நின்றபோது சரியாக விடியவில்லை. காலையில் நாங்கள் வரிசையில் நின்று வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்குத்தான் பிரட்டுக் களம் என்று பெயர். அங்கே பஸ் வந்து யாரும் பார்த்ததில்லை. பனிமூட்டத்தில் அதன் விளக்கு இரண்டும் மஞ்சளாகக் கலங்கித் தெரிந்தன.

டிரைவர் இறங்கி ஒரு பீடியைப் பற்ற வைத்தார். வரிசை வீடுகளான லயத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த எங்களைப் பார்த்தார். பார்த்தவர் பீடியை இழுக்க மறந்துவிட்டார்.

முன்னால் வந்தது என் அம்மா. தலையில் தகரப் பெட்டி, இடுப்பில் பானை சட்டி மூட்டை. அடுத்து நான். கையில் ரொட்டிக்கல்லும் அம்மிக் குழவியும், அக்குளில் முருகன் படம். அம்மியை எங்களால் தூக்க முடியவில்லை, அதனால் குழவி மட்டும் வந்தது. எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டுச் சின்னையா மாமா, சுருட்டிய பாயோடும் கால் கட்டிய சேவலோடும். அவருக்குப் பின்னால் வரிசையாக வாளி, தலையணை, ஆணி பிடுங்கிக் கழற்றிய முகம் பார்க்கும் கண்ணாடி, மண்ணெண்ணெய் அடுப்பு. ஒருத்தி துணி காயப்போடும் கயிற்றைக்கூட அவிழ்த்துச் சுற்றிக் கொண்டு வந்திருந்தாள்.

டிரைவர் கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர். மரியாதை தெரிந்தவர். வெகுநேரம் யோசித்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"ஏனுங்க, நீங்க டூரு போறீங்களா, குடி மாறிப் போறீங்களா?"

அம்மா பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "அது எங்க தொரைக்குத்தான் தெரியும்."

நாங்கள் புறப்பட்டது கொச்சிக்கும் ஆலப்புழைக்கும். காயல் பார்க்க, படகு ஏற. எஸ்டேட் செலவில் சுற்றுலா. அதற்கு ஏன் ரொட்டிக்கல் என்று கேட்பவர்களுக்கு எங்கள் சனத்தின் சந்தேகத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

சும்மா என்றொரு கெட்ட வார்த்தை

சென்ற வாரம் பிள்ளைக் காம்பராவைப் பற்றி எழுதியிருந்தேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது. பந்தலூரை ஒட்டிய அந்த எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. தேயிலை விலை விழ விழ, அந்த அறையில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

விலை விழுந்தது என்று பேப்பரில் ஒரு வரியில் போட்டுவிடுவார்கள். எங்களுக்கு அது மூக்கில்தான் முதலில் தெரிந்தது. ஃபேக்டரியிலிருந்து வாடும் கொழுந்தின் வாசம் வருவது நின்றுபோனது. தூரத்து மலையில் யாரும் கொழுந்து கிள்ளாமல் விட்ட செடிகள் இடுப்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, மரமாகிக்கொண்டிருந்தன. இளவட்டங்கள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். என் தம்பியும் போனான். பெண்கள் விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு வயநாட்டுப் பக்கம் மிளகு பறிக்கவும் இஞ்சி தோண்டவும் போனார்கள். சம்பளம் இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே போனது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் தொரை பிரட்டில் வந்து நின்று, எல்லோரையும் டூர் அனுப்பப் போவதாகச் சொன்னார்.

தொரை என்றால் மேனேஜர். எஸ்டேட் கை மாறியபோது புதிதாக வந்தவர். குன்னூரில் படித்து வளர்ந்த இளவயதுக்காரர், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பையே அம்மாவுக்குப் பிடிக்காது. சம்பளம் போடாத ஆள் எதற்குச் சிரிக்க வேண்டும் என்பாள். அன்றைக்கும் சிரித்துக்கொண்டே அவர் சொன்னது இதுதான்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. எல்லாம் கம்பெனி பாத்துக்கும். சும்மா போய்ப் பாத்துட்டு வாங்க."

என் பக்கத்தில் நின்ற அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இறுகியது.

மற்ற வீடுகளில் சும்மா என்பது சாதாரணச் சொல். சும்மா வந்தேன், சும்மா இரு, சும்மா கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அது கெட்ட வார்த்தை. சிலோனில் நாங்கள் இருந்த தோட்டத்தில், அம்மாவிடம் கணக்கப்பிள்ளை சொன்ன வார்த்தை அது. இந்தியாவுக்குப் போகப் பேர் வந்திருக்கிறது, சும்மா போய்ப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம் என்றாராம். அப்பா நம்பினார். திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று பித்தளை அண்டாவையும் பெரிய பானைகளையும் பக்கத்துக் காம்பராவில் கொடுத்துவிட்டு, இரண்டு பெட்டியோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். நான் அப்போது அம்மாவின் இடுப்பில் இருந்தேன்.

கப்பல் ராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டது. அப்புறம் மண்டபத்தில் முகாம், அப்புறம் ரயில், அப்புறம் இந்த மலை. திரும்பிப் போவது என்ற பேச்சே எந்த ஆபீசிலும் இல்லை. அண்டா அங்கேயே நின்றுவிட்டது. அதில் இப்போது யார் வீட்டுக் கல்யாணத்துக்குச் சோறு வேகிறதோ என்று அம்மா நல்ல நாளிலும் சொல்லிக்காட்டுவாள், அப்பா காது கேட்காதவர்போல் இருப்பார்.

இப்போது மறுபடியும் ஒருவர் வந்து சும்மா போய்ப் பார்த்துவிட்டு வா என்கிறார். அதுவும் படகில்.

இரண்டு கட்சி

அன்று சாயங்காலம் லயத்தில் அடுப்பு பற்றவில்லை. எல்லோரும் வாசலில்தான்.

ஆளுக்கொரு சந்தேகம். நாம் போனதும் ஃபேக்டரி மிஷினைக் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார்கள் என்றார் ஒருவர். கேரளாவில் ஏதோ ஒரு எஸ்டேட்டுக்கு நம்மை விற்றுவிட்டார்கள் என்றார் இன்னொருவர். சின்னையா மாமா குரலைத் தாழ்த்தி, எல்லாம் கிட்னிக்காகத்தான் இருக்கும் என்றார். கொச்சியில் பெரிய பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதாம். அவருடைய கிட்னியை யார் சீந்துவார்கள் என்று அவர் மனைவி கேட்டதும் அந்தச் சந்தேகம் அத்தோடு அடங்கியது.

எல்லாச் சந்தேகமும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஓரிடத்தில் வந்து நின்றது. வீடு. லயத்து வீடு எங்கள் பேரில் இல்லை. எஸ்டேட்டில் வேலை பார்க்கும்வரை இருக்கலாம், அவ்வளவுதான். வேலையே தள்ளாடும்போது, பூட்டிவிட்டுப் போன கதவில் வேறு பூட்டு தொங்கினால் என்ன செய்வது? அப்பாவின் சொந்த ஊர் திருச்சிப் பக்கம் என்பார்கள். அங்கே எங்களைத் தெரிந்த ஒரு நாய்கூட இல்லை. இந்த ஒற்றை அறையும் அதன் முன்னால் இழுத்துக் கட்டிய சமையல் சாய்ப்பும் போனால் எங்களுக்கு வேறு நிழல் கிடையாது.

சனம் இரண்டாகப் பிரிந்தது. எங்கேயோ கொண்டுபோய் விடப் போகிறார்கள், அதனால் சாமானை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்றது ஒரு கட்சி. வீட்டைப் பூட்டத்தான் இத்தனையும், அதனால் வீட்டுக்கு ஓர் ஆள் காவல் இருக்க வேண்டும் என்றது மறு கட்சி. யாருமே போகாமல் இருந்துவிட்டால் என்ன என்று யாரோ கேட்டார்கள். போகாதவர்களை வேலைக்கு வராதவர்கள் என்று எழுதிவிட்டால் அதையே சாக்கு வைத்து வெளியேற்றுவார்களே என்றதும் அதுவும் அடங்கிவிட்டது.

அம்மா இரண்டு கட்சியிலும் சேர்ந்தாள். சாமானை எல்லாம் கட்டினாள், அப்பாவைக் காவலுக்கு வைத்தாள். உள்ளே மிஞ்சியது அம்மி, ஒரு போர்வை, அப்பா. படுக்கப் பாயாவது விட்டுவிட்டுப் போ என்று அவர் கேட்டுப் பார்த்தார். அண்டாவை விட்டுவிட்டு வந்த ஆளுக்குப் பாய் வேறயா என்றாள்.

எனக்கு இதெல்லாம் ஒரே எரிச்சல். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு டூர் போக ஆசை. கல்யாணமாகாத பெண், நினைவு தெரிந்து மலையை விட்டு இறங்கியதே இரண்டொரு தரம்தான். காயல் என்றால் என்னவென்று காலண்டர் படத்தில் பார்த்திருக்கிறேன். தென்னை மரம் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். அதை நேரில் பார்க்கப் போகிறேன் என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தவள் கையில் குழவிக் கல்லைக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

மீனுக்காக இல்லாத வலை

நாடுகாணி வழியாக மலை இறங்கினோம். சாமானெல்லாம் பஸ் மேலே. சேவல் மட்டும் உள்ளே, சின்னையா மாமா மடியில்.

எங்களோடு வெல்ஃபேர் சார் என்று ஒருவர் வந்திருந்தார். தொழிலாளர் நலனைப் பார்க்க என்று தொரை புதிதாக வைத்த ஆள். ஈரோட்டுக்காரர், மைக்கைக் கண்டால் விடமாட்டார். வழியெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தார். ஒரு பெரிய பாலத்தில் பஸ்ஸை மெதுவாக விடச் சொல்லி, இதுதான் பாரதப்புழை, கேரளாவின் பெருமை என்றார். எட்டிப் பார்த்தோம். மணல். மணலுக்கு நடுவில் ஒரு ஓடை.

"தண்ணி எங்கிட்டுப் போச்சு?" என்றாள் அம்மா, என்னிடம் மட்டும். ஆற்றிலேயே பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள்.

கொச்சியில் சாயங்காலம் சீன வலை பார்க்கப் போனோம். கடற்கரையில் பெரிய பெரிய மரக்கால்களில் கட்டி நிற்கும் வலைகள். ஒரு முனையில் கல்லைத் தொங்கவிட்டு, நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தால், தண்ணீருக்குள் இருக்கும் வலை அப்படியே மேலே எழும்பி வருகிறது. அஸ்தமன வெளிச்சத்தில் நீர் சொட்டச் சொட்ட அது எழுந்தபோது இன்னொரு தரம் இழுக்க மாட்டார்களா என்று நான் காத்து நின்றேன். வெள்ளைக்காரர்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள்.

அம்மா வலையைப் பார்க்கவில்லை. இழுத்த ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது சொன்னாள்.

"வலைக்குள்ள என்னா விழுந்திச்சுன்னு அவனுங்க எட்டிக்கூடப் பாக்கல. மீனுக்காகத் தூக்கல புள்ள. நம்மளுக்காகத் தூக்குறானுங்க."

எனக்குக் கோபம் வந்தது. எதையும் நல்லபடியாகப் பார்க்கவே தெரியாதா உனக்கு என்று கேட்டேன். ராத்திரி கதகளியிலும் அதே கதைதான். பச்சை முகம் பூசிய கலைஞர் கண்ணை உருட்டி உருட்டி ஒன்பது ரசத்தையும் காட்டினார். ஆனால் எங்களுக்குக் காட்டியது கொஞ்ச நேரம்தான். அடுத்த கூட்டம் வாசலில் நின்றது. இந்த மனுசன் விடிய விடிய ஆட வேண்டிய ஆட்டத்தை அரைகுறையாக ஆடிவிட்டு முகத்தைக் கழுவாமல் உட்கார்ந்திருக்கிறார், பாவம் என்றாள் அம்மா. அவர் பக்கத்தில் போய், சாப்பிட்டீர்களா என்று தமிழில் கேட்டாள். அவர் கண்ணால் சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் அம்மா சந்தேகப்படவில்லை.

பீலி வழக்கம்

படகுக்கு வருமுன் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் படகில் நடந்தது புரியாது.

எங்கள் லயத்தில் குளியலறை கிடையாது. எங்கள் வாசலுக்கு எதிரே விழும் அருவியை ஒட்டி, பாறையிடுக்கில் வரும் நீரை ஒரு தகரத் தகட்டில் வாங்கிக் கொட்டவிட்டிருப்போம். சிலோனில் அதற்குப் பெயர் பீலி, இங்கே வந்தும் பீலிதான். குளிப்பது, துவைப்பது, பானை தேய்ப்பது எல்லாம் அங்கேதான், வெட்டவெளியில். மேட்டில் போகும் பாதையிலிருந்து பார்த்தால் அத்தனையும் தெரியும். அதனால் ஒரு வழக்கம். பீலியில் ஆள் இருந்தால், பாதையில் போகிறவர் ஒரு தரம் செருமிவிட்டு, முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டு கடந்து போக வேண்டும். ஆணானாலும் பெண்ணானாலும், கங்காணியே ஆனாலும். திரும்பாமல் போனவனுக்கு லயத்தில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

இந்த வழக்கத்தை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. பிள்ளைக் காம்பராவில் தத்தித் தத்தி நடக்கும் குழந்தைகள்கூடப் பீலிச் சத்தம் கேட்டால் கழுத்தைத் திருப்பும். உடம்போடு ஊறியது.

படகு சாய்ந்தது

ஆலப்புழையில் மறுநாள் காலை. கூரை வேய்ந்த பெரிய மோட்டார் படகு, உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள். படகுக்காரர் பெயர் ஜோசேட்டன். வெள்ளை முடி, மடித்துக் கட்டிய கைலி.

அம்மா படித்துறையிலேயே நின்றுவிட்டாள். பஸ்ஸை நம்பி விட்டுவர மனமில்லாத தகரப் பெட்டி தலையில். ஏற மாட்டேன் என்றாள். வெல்ஃபேர் சார் என்னென்னவோ சொன்னார். அவள் அவரைத் தாண்டிப் படகுக்காரரிடம் கேட்டாள்.

"ஐயா, திரும்பி இங்கனயேதானே கொண்டாந்து விடுவீங்க?"

ஜோசேட்டன் அவள் பெட்டியைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். வேடிக்கையாக ஏதும் சொல்லவில்லை. "இவிடெத் தன்னே, அம்மே. ஞான் கொண்டுவராம்" என்று கையை நீட்டினார். அம்மா கையைப் பிடிக்காமல் தானே ஏறினாள். ஆனால் ஏறினாள்.

படகு கிளம்பியது. நான் நினைத்ததைவிட அழகு. தண்ணீர் அசையாமல் பச்சையாகக் கிடந்தது. காலண்டரில் பார்த்தபடியே தென்னைகள் தலைகீழாக நின்றன. ஒரு நீர்க்காகம் முங்கி வேறெங்கோ எழுந்தது. ஈரமும் டீசலும் பொரித்த மீனும் கலந்த ஒரு வாசம். நான் குழவிக் கல்லை நாற்காலிக்குக் கீழே தள்ளிவிட்டு, கம்பியில் கையூன்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அகலமான நீர் குறுகி வாய்க்காலானது. இரண்டு பக்கமும் கரையை ஒட்டி வீடுகள். முதல் வீட்டுப் படியில் ஒரு பெண் முழங்கால்வரை தண்ணீரில் நின்று, மார்போடு கட்டிய துண்டோடு, தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னையா மாமா செருமினார்.

அவ்வளவுதான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்தாள். எல்லோரும் எழுந்தார்கள். யாரும் யோசிக்கவில்லை. ஒரு பஸ் நிறைய ஆட்கள், ஆணும் பெண்ணுமாக, அந்தப் பெண்ணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படகின் மறு பக்கத்துக்குப் போனோம். நானும்தான். என் கால் என்னைக் கேட்கவே இல்லை.

படகு சாய்ந்தது. நாற்காலிகள் சறுக்கின. குழவிக் கல் கடகடவென்று உருண்டு வந்து என் கணுக்காலில் மோதியது. சேவல் கத்தியது.

"எல்லாரும் ஒரு சைடிலேக்குப் போகல்லே, வள்ளம் மறியும்" என்று ஜோசேட்டன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார்.

படகு கவிழும் என்ற பயத்தில் நிமிர்ந்து பார்த்தால், இந்தக் கரையில் இன்னொரு படி. அங்கே இரண்டு பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு கிழவர் இடுப்பளவு நீரில் நின்று சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் திரும்புவது? எங்களுக்கு மலைப் பக்கம் என்று ஒன்று எப்போதும் இருந்தது. இங்கே மலை இல்லை.

அம்மாதான் வழி கண்டாள். அவள் நாற்காலியை நடுவைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அதைப் பார்த்து எல்லோரும். இரண்டு கரைக்கும் முதுகைக் காட்டி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். நடுவில் தகரப் பெட்டியும் சேவலும்.

ஒரே ஒரு முறை கள்ளத்தனமாகத் தோளுக்கு மேல் பார்த்தேன். கரையில் ஒருத்தி தேய்த்துக்கொண்டிருந்த பானையை விட்டுவிட்டு எழுந்து, இடுப்பில் கை வைத்து எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அந்த வாய்க்காலில் வேடிக்கை பார்த்தது அவள்தான்.

வெல்ஃபேர் சார் வாய் தவறியது

வெல்ஃபேர் சாருக்குத் தாங்கவில்லை. இத்தனை தூரம் கூட்டிக்கொண்டு வந்து இப்படி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி என்று மைக்கில் கேட்டார். அதுகளைப் பார்க்கத்தானே வந்தோம், அந்தம்மா பாட்டுக்குப் பாத்திரம் விளக்குகிறாள், அதைப் பார்க்க வெளிநாட்டுக்காரன் காசு கொடுத்து வருகிறான், அவளுக்கு அதில் என்ன குறைந்து போனது என்றார். பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தணித்து, நல்ல சேதி சொல்கிறவர்போல் சொன்னார்.

"நாளைக்கு நம்ம எஸ்டேட்டுக்கும் இப்படி ஆளுங்க வருவாங்க. தேயிலைய நம்பி இனி ஒண்ணும் ஆவறதில்லீங்க. நீங்க பாட்டுக்கு எப்பவும் போல இருந்தாப் போதும். அதக் காட்டத்தானுங்க தொரை உங்களைய அனுப்புனாரு."

அம்மா தகரப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வாற ஆளுங்க எங்கன தங்குவாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"தொரை பங்களாவுல பாதிப் பேருங்க. மீதிப் பேருக்குப் பீலிகிட்ட இருக்குதுங்கள்ல, அந்த ஆறு ஊடு. அங்கிருந்து பாத்தாத்தான் அருவி நல்லாத் தெரியுதாமா."

சொன்ன பிறகுதான் அவருக்கு எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உறைத்திருக்க வேண்டும். அந்த ஆறு வீட்டில் ஒன்று எங்களுடையது. ஒன்று சின்னையா மாமாவுடையது. பீலியில் குளிக்கும் பெண்களை வந்தவர்கள் அந்த வாசலில் நின்று பார்ப்பார்கள். நாங்கள் வேறெங்கோ போய் இருந்துகொண்டு, எப்போதும் போல இருக்க வேண்டும்.

காயல், நீர்க்காகம், தென்னை எல்லாம் ஒரு நொடியில் கசந்துவிட்டது. அம்மாவைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவளுடைய சந்தேகம் என்றைக்காவது ஒருநாள் பொய்க்க வேண்டும் என்று நான் சின்ன வயதிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கும் அது பொய்க்கவில்லை.

அம்மா திரும்பும்வரை படகின் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோசேட்டன் சொன்னபடி அதே துறையில் கொண்டுவந்து இறக்கினார். அவருக்கு மட்டும் கும்பிடு போட்டாள்.

பிரட்டில் ஒரு கேள்வி

திரும்பி வந்தபோது அப்பா போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். யாரும் வந்தார்களா என்று அம்மா கேட்டாள். இரண்டு பேர் வந்தார்கள், அருவியைப் படம் எடுத்தார்கள், கதவைத் தட்டி உள்ளே எட்டிப் பார்த்தார்கள், நல்ல வெளிச்சமான அறை என்றார்கள், போய்விட்டார்கள் என்றார் அப்பா. சாமானே இல்லாத அறை வெளிச்சமாகத்தானே இருக்கும்.

அந்த இரண்டு பேரும் அடுத்த பிரட்டில் தொரையின் பக்கத்தில் நின்றார்கள். டூர் கம்பெனி ஆட்களாம், ஒருவர் கழுத்தில் கேமரா. குளிரில் எங்கள் வாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. தொரை வழக்கம்போல் சிரித்தார். எங்கள் சம்மதம் அவருக்குத் தேவையாக இருந்தது. வேலையில் இருக்கும் குடும்பத்தைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட முடியாது. யூனியன்காரர்கள் வருவார்கள். நாங்களே மனதார ஒத்துக்கொண்டால் வேறு. அதற்குத்தான் முதலில் எங்கள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வர வேண்டும்.

"டூரு எப்படி இருந்தது? எல்லாரும் நல்லா என்ஜாய் பண்ணீங்களா? என்னென்ன பாத்தீங்கன்னு இவங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க."

வெல்ஃபேர் சார் எங்களைப் பார்த்து, சொல்லுங்க சொல்லுங்க என்று கையை ஆட்டினார். நல்லா இருந்தது என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும், பேச்சு அடுத்து வீட்டுக்கு வந்துவிடும்.

அம்மா கூடையை முதுகிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். அவள் தொரையிடம் நேராகப் பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"நாங்க ஒண்ணும் பாக்கலீங்க தொரை. அங்க ஆளுங்க குடியிருக்காங்க."

தொரையின் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே நின்று, பிறகு போய்விட்டது. கேமராக்காரர் கேமராவைத் தொடவில்லை. சின்னையா மாமா செருமினார். அதைத் தொடர்ந்து இன்னொருவர், இன்னொருவர். வரிசை முழுக்கச் செருமினோம். தொரை அடுத்து என்ன கேட்க வைத்திருந்தாரோ, அதைக் கேட்காமலே யாருக்கு எந்த மலையில் கொழுந்து என்று பிரித்துக் கொடுத்து எங்களை வேலைக்கு அனுப்பினார்.

பங்களா பின்னாளில் ஓட்டலானது. எஸ்டேட்டும் இன்னொரு முறை கை மாறியது. அந்த ஆறு வீட்டைக் கேட்டு மட்டும் அதற்கப்புறம் யாரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதில்தான் அம்மாவுக்கு இன்றைக்கும் சந்தேகம்.